கொழுக்கட்டையின் மூன்றாவது கை

மல்லாக்கப் போட்டதும் கொழுக்கட்டை ஒரு நெளிவு நெளிந்து சாவகாசமாகக் குப்புறத் திரும்பிக்கொண்டது. இன்னும் மயக்கம் ஏறவில்லை. மயக்கத் தண்ணீரில் விட்ட பிராணியை அவ்வப்போது மல்லாக்கப் புரட்டிப் பார்க்க வேண்டும். திரும்பிப் படுக்கிறதென்றால் இன்னும் உணர்வு இருக்கிறது, கத்தியைத் தொடக் கூடாது. போட்டது போட்டபடி கிடந்தால்தான் வேலையை ஆரம்பிக்கலாம். நாலு வருஷமாக இசக்கி செய்துவருகிற காரியம், கை தானாகச் செய்யும். இன்றைக்கு மட்டும் அது திரும்பிக்கொண்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி, திருட்டு நிம்மதி, பரீட்சை மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறதென்று தெரிந்தால் வருமே, அந்த மாதிரி. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஏசியிலிருந்து தண்ணீர் பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே சென்னையில் மே மாதம் கொளுத்துகிறது, இந்த ஒரு அறைக்குள் மட்டும் மார்கழி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விலங்கியல் துறைக்கு யார் வரப்போகிறார்கள், வாட்ச்மேன்கூடக் கீழே மின்விசிறிக்கடியில் தூங்குகிறார். தட்டில் கத்தி, கத்தரி, ஊசி, பக்கத்தில் ஃபார்மலின் பாட்டில், எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. எடுத்து வைத்த பிறகுதான் டீக்கடைப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; அது பொய். காலையிலிருந்தே அது போகவில்லை, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஒன்றாகவே போட்டுவிட்டேன். சார் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒன்றாகவே.

ஞானசிகாமணி சார் இன்று காலை பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பினார். நாளைக்கு அங்கே ஒரு கருத்தரங்கில் பேசுகிறார். வாத்தியாராக இருந்தே முடி நரைத்தவர், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், ஆகவே நாளைய பேச்சுதான் அவருக்குக் கடைசிப் பேச்சு, அதை அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு மாதமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார். புதுச் சட்டை தைத்தாகிவிட்டது. "நம்ம கொழுக்கட்டை போட்டோவைத்தான் முதல்ல போடப்போறேன், தூங்கறவன்கூட எழுந்து உட்காருவான் பாரு" என்றார் ஸ்டேஷனுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே. பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்த இசக்கியிடம் வேலையையும் சொன்னார்: இன்றைக்கே அதை முடித்துவிடு, தோள்பட்டையோடு எடுத்து ஃபார்மலினில் போட்டுவிடு, நான் வந்ததும் சீவிப் பார்த்து உள்ளே புற்றுக்கட்டி இல்லையென்று காட்டிவிட்டால் ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். பிறகு, கேட்காமலே, டீக்கடைக்காரருக்குப் புயல் கதையை ஆரம்பித்தார். டிசம்பர் புயலில் ஊரே இருண்டு கிடந்தபோது முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து இந்த அறையிலிருந்து ரெண்டு ஜீவனைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குத் தூக்கிப்போன கதை. அவர் மனைவி எஸ்தர் டீச்சர் மீன் வாங்கி வைக்கிற ஐஸ் பெட்டியில் அவை ரெண்டு நாள் விருந்தாளியாக இருந்த கதை. இசக்கி அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் ஐஸ், ஐஸ் நடுவில் தனித்தனி டப்பா என்றுதான் அவள் மனசு படம் போட்டுக்கொண்டது, ஏனென்றால் அவளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். இன்றைக்குத்தான் சார் புதிதாக ஒரு வரி சேர்த்தார். "ஒரே பெட்டி, என்ன செய்யுறது, ஒண்ணுக்கொண்ணு துணையா இருந்துட்டுப் போகட்டும்னு ஒண்ணாவே போட்டுட்டேன்." டீக்கடைக்காரர் சிரித்தார், சாரும் சிரித்தார், இசக்கியும் சிரித்தாள் என்றுதான் நினைவு. அப்புறம் ரயில் வந்துவிட்டது.

துணை. இந்தப் பிராணிக்குத் துணை என்றால் என்ன தெரியுமா சார், தீனி. ஆக்சலாட்டில் என்று பெயர், மெக்சிகோவின் ஏரிகளில் தோன்றிய வம்சம், தவளைக்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்த பிறகும் குழந்தைப் பருவத்துச் செவுளைக் கழுத்தோரம் பூ வைத்ததுபோல் விரித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரிலேயே கிடக்கும். கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கினார்கள். வெளுத்து, பருத்து, வழவழவென்று இருந்ததால் ஏழாம் நம்பருக்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தாள். பதினோராம் நம்பருக்கு தாதா. வந்த முதல் வாரமே தாதா பக்கத்தில் கிடந்ததன் காலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேனென்றது, அன்றிலிருந்து ஒவ்வொன்றும் தனித் தொட்டி. கண் சரியாகத் தெரியாது, எது அசைந்தாலும் புழு என்று பாயும். பட்டினி கிடந்தால் கேட்கவே வேண்டாம். இதெல்லாம் சாருக்கு எப்படித் தெரியும், அவர் வாழ்க்கை முழுக்கத் தலைப்பிரட்டைக்காரர். மழை பெய்ததும் குட்டையில் போய் வலைபோட்டு அள்ளி வருவார், நூற்றுக்கணக்கில் ஒரே தொட்டியில் விடுவார், அதுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கீரையைத் தின்றுகொண்டு சமர்த்தாகக் கிடக்கும். தலைப்பிரட்டைக்குக் காலை வெட்டினால் தவளையாகும்வரைதான் திரும்ப முளைக்கும், ஆக்சலாட்டிலுக்குக் கிழடான பிறகும் முளைக்கும் என்பதால்தான் இந்த விஷ ஆராய்ச்சிக்காக இவற்றை வாங்கினார். தொட்டியைப் பார்த்துக்கொள்வதும் புழு போடுவதும் இசக்கி பாடு, புத்தகமும் யோசனையும் சார் பாடு. அன்பான மனுஷன். அன்பினால்தான் ஒன்றாகப் போட்டார். அன்பில்லாதவனாக இருந்தால் புயலில் வந்தே இருக்க மாட்டான், ஏசி நின்றுபோய் ரெண்டும் வெந்நீரில் செத்திருக்கும். அப்படியும் நினைத்துப் பார்த்தாள், அப்படியே நினைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏழும் பதினொன்றும் எப்படியாவது பிழைக்கணும் சார், என்று ஊரிலிருந்து போனில் கெஞ்சியதும் அவள்தானே. ஏழு விஷம் வைத்தது, பதினொன்று வெறும் மெழுகு வைத்தது, எல்லாவற்றையும் தூக்க முடியாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த ரெண்டாவது வேண்டும் என்றாள். தனித்தனியாக என்று சொன்னாளா? சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை. அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காதில் நர்ஸ் கூப்பிடுகிற சத்தம், மறு காதில் சாரின் மழைச் சத்தம்.

புரட்டினாள். கொழுக்கட்டை இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. திரும்பும்போது வலது பக்கம் தெரிந்தது. தோள் ஒன்று, மேற்கை ஒன்று, முழங்கையில் ரெண்டாகப் பிரிந்து ரெண்டு கை, ஒவ்வொன்றிலும் நாலு நாலு விரல், நகப்பூச்சு போடலாம்போல அத்தனை ஒழுங்கு. இடது கையையும் சேர்த்தால் மொத்தம் மூன்று. இந்த மூன்றாவது கைதான் எல்லாம். அவளுடைய பட்டம் அது, சாரின் புதுச் சட்டை அது. அப்பாவின் அந்தச் சிரிப்பும் அதுதான். போன நவம்பரில் இருபது பிராணிகளுக்கு வலது கையை முழங்கைக்குச் சற்று மேலே வெட்டினார்கள், பாதிக்குத் தோள்பக்கத் தோலுக்கடியில் மஞ்சள் தூள் கலந்த மெழுகைக் கடுகளவு உருட்டி வைத்துத் தைத்தார்கள், மீதிக்கு வெறும் மெழுகு. தூளுக்கு வாயில் நுழையாத பெயர், தார் வகையறாவைச் சேர்ந்தது, எலித் தோலில் வைத்தால் கட்டியாகக் கிளம்பும். அதைத் தொடும்போது ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்கொள்வாள், அப்புறமும் ராத்திரி சோற்றைப் பிசையும்போது விரலை மோந்து பார்ப்பாள். கட்டி வருமென்றுதான் காத்திருந்தார்கள். வரவில்லை. தூள் வைத்ததில் சிலதுக்குக் கை முளைப்பது தள்ளிப்போயிற்று, சிலதுக்கு நாலு விரலுக்குப் பதில் கோணலாக ரெண்டு, ஒன்றுக்கு மொட்டைக் கையாகவே நின்றுவிட்டது, சிலது அந்தப் புயலில் செத்தன. கட்டி ஒன்றுக்கும் இல்லை. கொழுக்கட்டைக்கு மட்டும், ஜனவரியில், வளர்ந்து வந்த மொட்டின் ஓரத்தில் இன்னொரு மொட்டு. அது கட்டிதான் என்று நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அடுத்த வாரம் அதில் விரல் பிரிந்தது. சார் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, கையும்மா இது, கை" என்று குதித்தார். விஷம் வளர் வளர் என்று விரட்டுகிறது, நம் உடம்பானால் கண்மண் தெரியாமல் வளர்ந்து செத்துப்போகும், இந்த உடம்போ வளரத்தானே சொன்னாய் என்று தனக்குத் தெரிந்த ஒரு கையைச் செய்து முடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. சார் அதைச் சொல்லும்போது கண் கலங்கினார். வேறு நாடுகளில் வேறு ஆட்களும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள், நம்மிடமும் வந்துவிட்டது, என்றார்.

கடித்தாலும் வரும். அதுதான் செருப்புக்குள் கல். மொட்டு விட்டுக்கொண்டிருக்கிற கையை ஓரமாக ஒன்று கடித்துவிட்டால் புண்பட்ட இடத்திலிருந்தும் ஒரு கை புறப்படலாம், கும்பலாக வளர்க்கிறவர்களிடம் அது சகஜம், கொளத்தூர்க் கடைக்காரரின் தொட்டியிலேயே அஞ்சு காலோடு ஒன்று இருந்தது, பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் கொழுக்கட்டையின் மொட்டு சரியாகக் கடிக்கிற பதத்தில் இருந்திருக்கும், குட்டியாக, துறுத்திக்கொண்டு, புழு மாதிரி. தாதா ரெண்டு நாள் பட்டினி. இருட்டுப் பெட்டி. கடித்ததா, தூளா. தூளா, கடித்ததா. கடித்த தடம் இருக்குமா என்றால் அதுவும் இருக்காது, இந்தப் பிராணியின் பெருமையே தழும்பு வைத்துக்கொள்ளாததுதான், பட்டதையெல்லாம் சுத்தமாக மறந்துவிடும். ஆக, இப்போதே கொன்று தோளைச் சீவினாலும் உள்ளே மெழுகு உருண்டை இருக்கும், கட்டி இருக்காது, படம் அழகாக வரும், எல்லாரும் நம்புவார்கள். சாரும் நம்புவார். டீக்கடையில் அந்த வரியைக் காதில் வாங்கியவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். டீக்கடைக்காரருக்கு என்ன வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, இந்த எளிமைதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கையில் கத்தியை எடுத்து, மறுபடி தட்டில் வைத்தாள். சத்தத்துக்குக் கொழுக்கட்டையின் செவுள் ஒரு முறை சிலிர்த்தது.

அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சுடலைமுத்து மேஸ்திரி, நெல்லைப் பக்கம் பாதித் தார் ரோடு அவர் போட்டதுதான் என்று பெருமையடித்துக்கொள்வார், தார்க் கொப்பரைக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வேட்டி பனியன் தலைமுடி எல்லாம் அந்த வாசம். சின்ன வயசில் அவளுக்கு அப்பா வாசமென்றால் அதுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் எங்கேயாவது ரோடு போட்டால் நின்று மூச்சை இழுப்பாள், அப்பா வந்துவிட்ட மாதிரி இருக்கும். அவருக்குக் கட்டி நுரையீரலில் வந்தது. ஜனவரியில் விடுப்பில் போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச வேறொன்றும் இல்லாமல், போனில் கொழுக்கட்டையைக் காட்டினாள். வச்ச மருந்து நீங்க மோந்த தாருக்குச் சொந்தந்தாம்ப்பா என்றாள். அப்பா போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். "இதுல எதுட்டி நெசக் கை?" என்றார். ரெண்டும் நெசந்தாம்ப்பா. "அப்பம் வெசத்தக் குடுத்தாலும் கையாக்கிப் போடுதா அது?" ஆமாப்பா. அதற்குத்தான் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாகி, தண்ணீர் குடித்த பிறகும் சிரிப்பு மிச்சமிருந்தது முகத்தில். அதற்கப்புறம் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எம் மவகிட்ட ஒரு பூச்சி இருக்கு என்று ஆரம்பித்துவிடுவார். அது பூச்சி இல்லப்பா என்று அவள் திருத்தவில்லை. ஒருநாள் எல்லாரும் போன பிறகு கேட்டார், "நம்ம ஒடம்புக்கு மட்டும் ஏன்ட்டி அந்தக் கூறு இல்ல?" கத்துக் குடுத்திருவோம்ப்பா, அதுக்குத்தான படிக்கேன். என்ன வாய் அவளுக்கு. வாத்தியார் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் அதை நம்பினாரா, அவளுக்காக நம்புகிற மாதிரி இருந்தாரா, தெரியாது. அந்தக் கை தாதா கடித்து வந்ததென்றால், அவள் அப்பாவுக்குக் கடைசியாகச் சொன்னது என்ன? திருத்திச் சொல்ல ஆள் இல்லை. இதை நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே வலித்தது, கையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள், கையுறையின் ஈரம் சட்டையில் பட்டது, சுத்தமான கையுறைதானா என்று பதறி எழுந்து கழற்றி எறிந்தாள். இந்தப் பதற்றம் வேறு. நாலு வருஷத்தில் எத்தனை முறை. அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வருமா, தொட்டால் வருமா, மோந்தால் வருமா. படித்தவள்தான், பதில் தெரியும், தெரிந்து என்ன.

புதுக் கையுறை மாட்டிக்கொண்டு புரட்டினாள். பாதி திரும்பி, பக்கவாட்டில் நின்று, பிறகு மெல்லக் குப்புற விழுந்தது. நெருங்கிவிட்டது. அப்போதுதான் போன் அடித்தது. சார்.

"என்னம்மா, மயக்கம் ஆச்சா?"

"இன்னும் இல்ல சார். புரண்டுகிட்டே இருக்கு."

"கெட்டிப் பிள்ளை அது. இப்பத்தான் ஆம்பூர் தாண்டுது. பக்கத்து சீட்ல பேங்க்காரர் ஒருத்தர், அவருக்கு போட்டோவைக் காட்டினேன், வாயைப் பொளந்துட்டாரு."

சொல்லிவிடு. சொல்லாதே. நாளைக்குப் பேசிவிட்டு வரட்டும், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். வந்த பிறகு சொன்னால் அதற்கு வேறு பெயர். இத்தனையும் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் ஓடியது, அதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"சார், புயலப்போ பெட்டியில ரெண்டுக்கும் நடுவுல தடுப்பு ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?"

"தடுப்பா? எதுக்கு?"

"தீனி போட்டீங்களா சார்?"

"அந்த மழையில மண்புழுவுக்கு எங்கம்மா போவேன்? ரெண்டு நாள் பட்டினி தாங்கும்னு நீதானே சொல்லுவே."

"தாங்கும் சார். தனியா இருந்தா தாங்கும்."

ரயில் சத்தம் மாறியது. ஏதோ பாலம். யாரோ டீ காப்பி என்று கத்திக்கொண்டே போனார்கள். சார் புத்தகக்காரர், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு முனையைக் கொடுத்தால் அவரே கடைசிவரை இழுத்துவிடுவார். இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குக் கேட்டது.

"பதினொண்ணு கடிக்குமா?"

"எல்லாமே கடிக்கும் சார். மொட்டைப் புழுன்னு நெனச்சிருக்கும். கடிச்சுதான்னு தெரியாது. கடிச்சிருக்கலாம்."

"என் தலைப்பிரட்டைங்க அப்படியெல்லாம் செய்யாதும்மா" என்றார் சார். தப்பு செய்த பிள்ளையின் தகப்பன் மாதிரி ஒரு குரல். "நூறு கிடக்கும் ஒரே தொட்டியில. ஒண்ணுத்தை ஒண்ணு ஒண்ணும் செய்யாது." அதோடு லைன் அறுந்துவிட்டது. அவளாகக் கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிடவில்லை. சொல்லியாகிவிட்டது, சந்தோஷமா உனக்கு? சந்தோஷமாக இல்லை. புதுச் சட்டை. அவர் அந்தச் சட்டையைப் பெட்டியில் கசங்காமல் இருக்க மேலாக வைத்திருந்தார், அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தது. எத்தனையோ வருஷம் குட்டையில் வலைவீசியவருக்குக் கடைசியில் ஒரு கை முளைத்தது, அதையும் பேச்சாலேயே வெட்டிவிட்டாள். ஸ்பூனை எடுத்துப் புரட்டினாள்.

திரும்பவில்லை. வயிறு வெளுப்பாக மேலே தெரிய, மூன்று கையும் விரிந்து, போட்டது போட்டபடி கிடந்தது. இசக்கிக்குக் கை நின்றுவிட்டது. இதை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள், வேறெங்கோ என்ன, பிப்ரவரியில், நாலாம் வார்டில், சன்னல் பக்கக் கட்டிலில். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதென்று அம்மா தோளையும் அவள் இடுப்பையும் பிடித்து அப்பாவைப் புரட்டிப் போடுவார்கள். முதலில் அவரும் கூடக் கொஞ்சம் எம்புவார், விடு விடு நானே திரும்பிக்கிடுதேன் என்பார். அப்புறம் எம்புவது நின்றது. அப்புறம் சொல்வதும் நின்றது. இந்தப் பக்கம் போட்டால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம். போட்டது போட்டபடி. ஒருநாள் மத்தியானம் புரட்டிய பிறகு அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, "ஏளா, டாக்டரக் கூப்பிடு" என்றாள், சாதாரணமாக, உப்பு எடுத்தா என்கிற மாதிரி. இசக்கி அன்றைக்கு அழவில்லை. செய்ய வேண்டியது நிறைய இருந்தது.

இப்போதும் செய்ய வேண்டியது இருக்கிறது. மயக்கம் நிற்கிற நேரம் கொஞ்சம்தான். ஃபார்மலின் பாட்டிலைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள். செத்த தோள் என்ன சொல்லும்? விஷ உருண்டை தோளில் இருக்கிறது. கை பிரிகிற இடம் முழங்கை. ரெண்டுக்கும் நடுவில் வெட்டினால்? இந்த எண்ணம் எங்கிருந்தோ வந்ததாகத் தோன்றவில்லை, இத்தனை நேரம் அவள் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது எழுந்து நிற்கிறது. பிரிவுக்கு மேலே, உருண்டைக்குக் கீழே வெட்டு. ரெண்டு கையும் போகட்டும். விஷம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கொழுக்கட்டையைத் தனியாக வை, யாரும் கடிக்க முடியாதபடி. மறுபடி முளைக்கும். ஒரே கையாக வந்தால் அன்றைக்கு தாதா கடித்திருக்கிறான். மறுபடியும் ரெண்டாகப் பிரிந்தால் விஷத்தைத்தான் கையாக்கியிருக்கிறது. ஒரு பிராணியை வைத்து ஊரை நம்பவைக்க முடியாது, அது வேறு. அவளுக்குத் தெரியும். அதற்கு மழைக்காலம் வரை பொறுக்க வேண்டும், இந்த மாதத்தோடு சாரும் போகிறார், அறையும் போகிறது, ஏசி இல்லாமல் இந்த ஊர் வெயிலில் இதை எங்கே வைப்பாள். தெரியாது. முதலில் உயிரோடு இருக்கட்டும். கத்தியை எடுத்தாள். எலும்பு நண்டுக்கால் உடைகிற அளவுக்குத்தான் தடுத்தது. ஒரு துளி ரத்தம், பஞ்சை வைத்து அழுத்தினாள். வெட்டின கை ரெண்டு உள்ளங்கையோடு பாட்டிலுக்குள் இறங்கி அடியில் படுத்துக்கொண்டது. கொழுக்கட்டையைக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் விட்டாள். தெளிகிறதா என்று பார்ப்பதும் அதே கணக்குதான்: மல்லாக்க விட வேண்டும், தானாகத் திரும்ப வேண்டும்.

காத்திருக்கும்போது போன் மறுபடி வந்தது. அவள் செய்ததைச் சொன்னாள். சார் ம்ம் ம்ம் என்று கேட்டுக்கொண்டார். எங்கே வெட்டினாய் என்று மட்டும் ரெண்டு முறை கேட்டார். சரி என்றார். பிறகு, "அந்தப் போட்டோவை எடுத்துட்டா நாளைக்கு நான் என்னத்தைம்மா பேசுறது?" என்றார்.

"எடுக்க வேண்டாம் சார். போட்டோவையும் காட்டுங்க, பெட்டிக் கதையையும் சொல்லுங்க."

"சிரிப்பாங்க."

"அந்தக் கதைக்கு எல்லாரும்தானே சார் சிரிக்கிறாங்க."

சார் சிரிக்கவில்லை. "பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தேன்" என்றார். "அப்ப அந்தக் கை எதனால வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாதா சார்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். சொல்றதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. சொன்னப்புறம் பரவாயில்ல." ரயில் எங்கோ நின்றது, கூட்டச் சத்தம் கேட்டது. "எஸ்தரோட பெட்டி இருக்கில்ல. அறை போனா போகட்டும், நம்ம வீட்டுக்கே எடுத்துட்டு வந்துடு. நான் தினம் ஐஸ் மாத்துறேன், இனிமே எனக்கு என்ன வேலை. இந்தத் தடவை அது மட்டும்." போனை வைத்துவிட்டார்.

தெரியாதுப்பா, என்று இசக்கி சொல்லிப் பார்த்தாள், வாய்விட்டு, காலி அறையில். அது எப்படி வந்த கைன்னு எனக்குத் தெரியாதுப்பா. மழை வந்தா தெரிஞ்சிரும். அப்பா என்ன சொல்லியிருப்பார். சரிட்டி, தெரிஞ்சதும் சொல்லு என்றிருப்பார், அவ்வளவுதான் சொல்லியிருப்பார், இதற்கா இத்தனை மருகினாய் என்று தோன்றியது, தோன்றியதும் தோன்றாததுமாகக் கண்ணீர் வந்துவிட்டது, பிப்ரவரியில் வராதது, துடைக்கக் கையுறை இடைஞ்சலாக இருந்தது. தொட்டிக்குள் கொழுக்கட்டை மல்லாக்கவே கிடந்தது. செவுள் லேசாக ஆடிற்று. வலது பக்கம் கை இல்லாமல் எப்படித் திரும்பப்போகிறது? வாலை அசைத்தது, பாதி எழும்பியது, ஊன்ற வேண்டிய பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் மறுபடி மல்லாக்க விழுந்தது. ஸ்பூன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும். இசக்கி ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். விடு விடு, நானே திரும்பிக்கிடுதேன். வால் இன்னொரு முறை வளைந்தது. கொழுக்கட்டை மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, தள்ளாடி, குப்புறத் திரும்பிப் படுத்துக்கொண்டது.